கோழிக்கால் தையல்

தெருவில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. அவள் காதுபடச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் கிடையாது என்றாலும் அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாமல் அந்தத் தெருவில் ஒரு பூனைகூடக் குட்டி போட முடியாது. எதிர்வீட்டுக்காரர் புது செருப்பு போட்டால் பணம் எங்கிருந்து வந்தது என்று யோசிப்பாள். பக்கத்து வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் நம்மைப் பற்றித்தான் என்று முடிவு கட்டுவாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்கு வெளிச்சத்தில் இருப்பதும் பேய்தான்.

பூதக்கண்ணாடி என்பது வெறும் பட்டப்பெயரும் இல்லை. நிஜமாகவே ஒன்று அவள் மேசையில் இருந்தது, கறுப்புக் கைப்பிடியும் ஓரத்தில் ஒரு சில்லு உடைந்ததுமாக. பழைய பொத்தான்களும் சணல் கயிறும்தான் அவள் தொழில். பெரிய பொத்தானை அடியில் வைத்து, அதைவிடச் சிறியது, அதைவிடச் சிறியது என்று மேலே மேலே கோத்து உச்சியில் ஒரு சுருக்குப் போட்டால் விரல் நீளத்துக்கு ஒரு மரம். கறுப்புப் பொத்தான் கண்ணாகவும் சிப்பிப் பொத்தான்கள் சிறகாகவும் வந்தால் பறவை. ஜன்னலில் தொங்கவிட, கதவில் மாட்ட, பரிசுப் பொட்டலத்தின் மேல் கட்டிக் கொடுக்க என்று பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துப் பரிசுப்பொருள் கடையில் வாங்கிப் போனார்கள். சணல் கயிற்றின் முனையை உருகிய மெழுகில் தோய்த்து உருட்டினால் ஊசி மாதிரி விறைத்துக்கொள்ளும், ஓட்டைக்குள் முரண்டு பிடிக்காமல் போகும். சின்னப் பொத்தான் என்றால் கயிற்றின் மூன்று புரியைப் பிரித்து ஒரு புரியை மட்டும் விடவேண்டும். இதெல்லாம் அவளாகக் கண்டுபிடித்தது.

இந்தத் தொழிலுக்குச் சந்தேகம் முதலீடு மாதிரி. புதுப் பொத்தானைத் தேநீர்த் தண்ணீரில் ஊறவைத்துப் பழையது என்று தலையில் கட்டுபவர்கள் உண்டு. அதனால் சிப்பி என்று சொன்னால் உதட்டில் வைத்துப் பார்ப்பாள். சிப்பி என்றால் சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் என்றால் இருக்காது. பித்தளை என்றால் காந்தத்தை எடுப்பாள். மூட்டை மூட்டையாகப் பழைய துணி வாங்கி விற்கிற மூட்டைக்காரர், துணியிலிருந்து அறுத்த பொத்தான்களைத் தனியாக ஒரு பையில் கொண்டுவந்து அவளிடம் தருவார். அவர் எதிரிலேயே உதட்டில் வைத்துப் பார்ப்பாள். "என்னைத்தான் நம்பலை, பொத்தானையாவது நம்பலாமே" என்பார் அவர். நம்பமாட்டாள்.

பொத்தான்களில் பாதி, அறுத்த நூல் துண்டோடுதான் வரும். கழுவுவதற்கு முன்னால் அந்த நூலை ஊசி முனையால் நெம்பி எடுக்கவேண்டும். மற்றவர்களுக்கு அது கண் போகிற வேலை. இவளுக்கோ அதில்தான் உயிரே இருந்தது. கறுப்புப் பொத்தானில் வெள்ளை நூல் என்றால் வேலைக்கு நேரமாகிவிட்ட வீடு. நூலை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றியிருந்தால் பயந்தாங்கொள்ளி. ஊர் பேர் தெரியாத குடும்பங்களின் வண்டவாளம் எல்லாம் அவள் மேசைக்கு வந்து ஏறும்.

அவள் கைத்தையல் தனி ரகம். நாலு ஓட்டைப் பொத்தானை உலகம் இரண்டு கோடாகத் தைக்கும், இல்லையென்றால் குறுக்கும் நெடுக்குமாகத் தைக்கும். இவள் ஒரே ஓட்டையிலிருந்து மற்ற மூன்றுக்கும் நூலை விரிப்பாள். பார்த்தால் கோழி மிதித்த தடம் மாதிரி இருக்கும். இவள் அம்மா கற்றுக்கொடுத்தது அது. ஒரு விரல் அறுந்தாலும் மற்ற இரண்டு விரல் பிடித்துக்கொள்ளும் என்பாள் அம்மா. அந்தக் கோழிக்கால் தையலை இவள் வேறு எவர் துணியிலும் பார்த்ததில்லை. தன் கணவருக்கு மட்டும் கற்றுக்கொடுத்திருந்தாள். அவர் கடைகடையாகப் போய்த் தராசு பழுதுபார்க்கிறவர், வாரத்தில் பாதி நாள் வெளியில் சுற்றுபவர். போன இடத்தில் பொத்தான் அறுந்தால் வேறு எவளும் தைத்துக் கொடுத்துவிடக்கூடாது பாருங்கள்.

அம்மாவுக்கு இன்னொரு மகளும் உண்டு. இவளுக்கு மூத்தவள். ஊசிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். அம்மா நூலை எடுத்தாலே அக்கா மாடிக்கு ஓடிவிடுவாள். அந்த அக்காவோடு இவளுக்குப் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிவிட்டது. அம்மா போனபிறகு வீட்டை ஒழித்தபோது அம்மாவின் பொத்தான் டப்பாவைக் காணோம். அதற்குள் ஒரு பச்சைக் கண்ணாடிப் பொத்தான் உண்டு, நடுவில் மயிரிழை மாதிரி ஒரு விரிசலோடு. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அம்மா அதைத்தான் கையில் கொடுத்துப் படுக்கவைப்பாள். டப்பாவை எடுத்தது அக்காதான் என்பதில் இவளுக்குத் துளியும் ஐயமில்லை. நேராகக் கேட்கவும் இல்லை. உறவினர் நடுவில் நின்று, பொதுவாகச் சொல்வதுபோல, "சிலருக்குக் கை கொஞ்சம் நீளம்" என்றாள். அக்கா அதற்கு, "சிலருக்கு வாய் அதைவிட நீளம்" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். அன்றைக்கே இவள் கணவரிடம் சொல்லிவிட்டாள்: அவளோடு பேசினீர்கள் என்று தெரிந்தால் இந்த வீட்டுப் படி ஏறவேண்டாம்.

அப்படி இருக்கையில்தான் அந்தப் பை வந்தது.

மதிய வெயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பையைத் துண்டின் மேல் கொட்டினாள். பத்துப் பதினைந்து பொத்தான் தாண்டியதும் கை நின்றுவிட்டது. பழுப்பு நிறம், கொம்பு, நாலு ஓட்டை. மேலே கோழிக்கால். கிளறினாள், அதே மாதிரி இன்னும் இரண்டு கிடைத்தன. பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். அவள் கை. அடியில் நூல் சுற்றிய இறுக்கம்கூட அவளுடையதுதான்.

கணவருக்கு ஒரு சாம்பல் நிற மேல்கோட்டு இருந்தது. அதற்குப் பழுப்புக் கொம்புப் பொத்தான் தைத்தது இவளே. போன குளிர்காலத்தில் பேருந்தில் மறந்து வைத்துவிட்டேன் என்று வெறும் சட்டையோடு நடுங்கிக்கொண்டு வந்து நின்றார். மறந்தாராம். தராசில் குன்றிமணி எடை பிசகினால் கண்டுபிடிக்கிற மனுஷன், உடம்பில் கிடந்த கோட்டை மறந்தாராம். அப்போதே அவளுக்கு இடித்தது. இப்போது நெருப்பில்லாமல் புகையாது என்று உறுதியாகிவிட்டது.

பழுப்புக் கொம்புப் பொத்தான் உலகத்தில் லட்சம் இருக்கும், அதை இவளே ஆயிரம் தடவை கையால் தொட்டிருப்பாள். வேறு யாராவது வந்து இப்படிச் சொல்லியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பாள். தன் விஷயம் என்று வந்ததும் அந்தப் புத்தி எங்கோ போய்ப் படுத்துக்கொண்டது.

மீதியையும் அலசினாள். ஒரு பெண்பிள்ளை மேல்சட்டையின் சின்னச் சிப்பிப் பொத்தான் வந்தது. அதிலும் கோழிக்கால். பிறகு நீல நிறத்தில், வாத்துப் படம் போட்ட ஒரு குழந்தைச் சட்டைப் பொத்தான். அதிலும்தான். அதைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்த இரண்டையும் அவள் தைத்ததில்லை. அவளுக்குக் குழந்தையும் இல்லை. அந்தத் தையல் தெரிந்த இன்னொரு கை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அப்படியானால் வாரத்தில் பாதி நாள் அவர் எந்த வீட்டில் உட்கார்ந்து, யார் குழந்தைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறார்? கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். இந்த மனுஷனும் போய்விட்டால் உலகத்தில் அவளுக்கென்று மிச்சம் ஒருவரும் இல்லை.

அழுது ஆகாத்தியம் பண்ணுகிறவள் இல்லை அவள். தீர விசாரிப்பதே மெய். முதலில் கணவரைச் சோதித்தாள். அவர் சட்டையிலிருந்து ஒரு பொத்தானைத் தானே அறுத்துவிட்டு, மெழுகுக் கையாக இருக்கிறது, நீங்களே தைத்துக்கொள்ளுங்கள் என்று ஊசியை நீட்டினாள். மனுஷன் ஒன்றும் கேட்காமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தைத்தார். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டு தைத்தார். அவர் குளிக்கப் போனதும் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். கோழிக்கால்தான், ஆனால் நொண்டிக் கோழி. ஒரு விரல் இந்தப் பக்கம், ஒரு விரல் அந்தப் பக்கம். பையில் வந்ததோ அச்சில் வார்த்தது மாதிரி இருந்தது.

அங்கேயே அவள் நிறுத்தியிருக்கலாம். சந்தேகம் வந்த மனசு நிறுத்துமா? வேண்டுமென்றே மோசமாகத் தைக்கிறார் என்று வைத்துக்கொண்டாள். அங்கே ஒழுங்காகத் தைப்பார், இங்கேதான் இப்படி.

அடுத்து மூட்டைக்காரர். இந்தப் பை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவர் நாலு இடம் என்றார், பத்து இடம் என்றார், மழை வரும்போல இருக்கிறது என்றார். எங்கே தன்னை ஒதுக்கிவிட்டு இவளே நேராகப் போய் வாங்கிவிடுவாளோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். பாம்பின் கால் பாம்பறியும் என்பது இதுதான். கடைசியில், சொல்லாவிட்டால் இனிமேல் உங்கள் பையைத் தொடமாட்டேன் என்று அவள் பையைத் திருப்பி நீட்டியதும் வழிக்கு வந்தார். ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு சலவைக்கடை இருக்கிறது. துவைக்கப் போட்டுவிட்டு ஒரு வருஷமாகியும் வந்து வாங்காத துணியை எடைக்குப் போடுவார்கள். அந்த மூட்டையில் அறுத்ததுதான் இவ்வளவும்.

சலவைக்கடை என்றதும் அவளுக்கு மூக்கு வியர்த்தது. அந்தக் கடையில் துணியை எடை போட்டு வாங்குவார்கள். அந்தத் தராசைப் பார்ப்பது யார்? அவள் வீட்டுக்காரர். மாதம் ஒருமுறை அங்கே போய்விட்டு வருகிற நாளில் சட்டையில் சோப்பு வாசனை அடிக்கும். அதையும் அவள் மனசுக்குள் எப்போதோ முடிந்து வைத்திருந்தாள்.

மறுநாள் அவர் வேறு பக்கம் வேலைக்குப் போனதும் கிளம்பினாள். மூன்று பழுப்புப் பொத்தானையும் வாத்துப் பொத்தானையும் கைக்குட்டையில் முடிந்து கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். சாக்குக்கு ஒரு பொத்தான் இல்லாத சட்டை. வழி நெடுக, அந்த இன்னொருத்தி எப்படி இருப்பாள் என்றுதான் யோசனை. இளையவளாக இருப்பாள். சிரித்துச் சிரித்துப் பேசுவாள். இவளைக் கண்டதும் முகம் வெளிறும். என்ன கேட்கவேண்டும் என்று நாலைந்து வாக்கியம் தயார் பண்ணி, ரயில்வே கேட் திறக்கக் காத்திருந்தபோது அதைக் கூர்தீட்டிக்கொண்டாள்.

சலவைக்கடை நீராவியும் இரைச்சலுமாக இருந்தது. முன்பக்கம் மேடையில் பெரிய தராசு, அதற்குப் பின்னால் வியர்த்து வழிந்துகொண்டு முதலாளி. இங்கே பொத்தான் தைத்துக் கொடுப்பீர்களா என்று கேட்டாள். அவர் தலையைத் தூக்காமல், துவைக்கிறபோது அறுகிற பொத்தானைத் தைப்பதற்கென்றே பின்னால் ஒரு அம்மா இருக்கிறார்கள், கொண்டுபோய்க் கொடுங்கள் என்றார்.

இஸ்திரி மேசைகளைத் தாண்டி, தொங்குகிற சட்டைகளை விலக்கிக்கொண்டு போனாள். ஒரு விளக்குக்கு அடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒருத்தி தைத்துக்கொண்டிருந்தாள். இளையவள் இல்லை. தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. வலது தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பின்னங்கழுத்தில் ஒரு மச்சம்.

அந்த மச்சத்தை இவளுக்குத் தெரியும். சின்ன வயதில் தலை பின்னிவிடும்போதெல்லாம் பார்த்தது.

காலடிச் சத்தம் கேட்டு அக்கா திரும்பினாள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தாள். இவள் வாயில் கூர்தீட்டி வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. அக்காவுக்கு வந்தது.

"டப்பாவைக் கொண்டுவந்திருக்கியா?"

"எந்த டப்பா?"

"தெரியாத மாதிரி கேக்காதே. அம்மாவோட பொத்தான் டப்பா. இத்தனை வருஷம் கழிச்சாவது கொடுக்கணும்னு தோணிச்சே."

டப்பா உன்னிடம் அல்லவா இருக்கிறது, நீதானே எடுத்துப் போனாய் என்று சொன்னாள். சொல்லும்போதே குரல் பாதியில் இளைத்துவிட்டது. ஏனென்றால் அக்காவின் முகத்தில் இருந்தது என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கண்ணை இடுக்கிக்கொண்டு, உதட்டை ஒரு பக்கம் இழுத்து, நீ சொல்வதில் ஒரு எழுத்தைக்கூட நம்பமாட்டேன் என்கிற முகம். கண்ணாடியில் அவள் தினமும் பார்க்கிற முகம்.

"எங்கிட்ட இருந்தா நான் எதுக்கு ஊரார் சட்டையில எல்லாம் அந்தப் பச்சைப் பொத்தானைத் தேடறேன்?" என்றாள் அக்கா. "நீ அதை வித்திருப்பே, எவனாவது வாங்கிச் சட்டையில வச்சிருப்பான், ஒரு நாள் துவைக்க வராமயா போகும்னுதான் இருக்கேன்."

பேச்சு அப்புறம் துண்டு துண்டாகத்தான் வந்தது. அக்காவின் வீட்டுக்காரர் இறந்துபோய் மூன்று வருஷமாகிறது. சொல்லி அனுப்பவில்லை, கை நீளமானவள் வீட்டுக்குத் தங்கை வருவாளோ மாட்டாளோ என்று இருந்துவிட்டாள். ஊசியைக் கண்டால் மாடிக்கு ஓடுகிறவள் பிழைப்புக்காக ஊசியை எடுத்தாள். எடுத்தபோது கைக்கு வந்தது அம்மாவின் தையல்தான், வேறெதுவும் தெரியாது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

இவள் கைக்குட்டையைப் பிரித்தாள். பழுப்புப் பொத்தான்களை அக்கா விளக்குக்குக் கீழே திருப்பிப் பார்த்தாள்.

"நான் தைச்சதுதான். யாரோ போட்டுட்டுப் போன கறுப்புக் கோட்டு. இதை எதுக்குத் தூக்கிட்டு வந்தே?"

எதற்கு என்று எப்படிச் சொல்வது? என் கை என்று நினைத்தேன் என்று மட்டும் சொன்னாள். வாத்துப் பொத்தானை முடிச்சிலேயே வைத்துக்கொண்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. பொத்தானுக்குப் பொத்தான் கையைப் படித்தவள், தன் கை எது, தன் அக்கா கை எது என்று தெரியாமல் போயிருக்கிறாள்.

"உன் வீட்டுக்காரர் மாசா மாசம் வர்றார்" என்றாள் அக்கா. "தராசைப் பாக்கறார், போறார். என் பக்கம் தலையைத் திருப்பறதுகூட இல்லை. நீ சொல்லி வச்சிருப்பே."

சொல்லித்தான் வைத்திருந்தாள். மாசா மாசம் அந்த மனுஷன் இங்கே வந்து, தலையைத் திருப்பாமல் வேலை பார்த்துவிட்டு, அதையும் வீட்டில் வாய் திறக்காமல், சோப்பு வாசனையோடு வந்து சாப்பிட்டுப் படுத்திருக்கிறார். அதற்கு இவள் கட்டிய கதை என்ன!

டப்பா என்ன ஆயிற்று என்று இருவரும் பழசைக் கிளறிப் பார்த்தார்கள். அம்மாவின் பழைய துணியை எல்லாம் மூட்டையாகக் கட்டியது அக்கா. அதைப் பிரித்துப் பார்க்காமல் பழைய துணிக்காரனிடம் தூக்கிக் கொடுத்தது தங்கை. ஒருவேளை அதற்குள்ளேயே இருந்திருக்குமோ என்று தங்கை சொன்னாள். கட்டும்போது நான் பார்க்காமல் இருப்பேனா என்றாள் அக்கா. பார்த்தேன் என்று அழுத்திச் சொல்ல அவளாலும் முடியவில்லை. அதே சமயம் தங்கையை நம்பவும் முடியவில்லை.

"ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றாள் கடைசியில். "உன் வீட்டை ஒரு தடவை நானே தேடிப் பாத்தாத்தான் மனசு ஆறும். தப்பா எடுத்துக்காதே."

"வாக்கா" என்றாள் இவள். அந்தச் சொல் வாயில் துருப்பிடித்துக் கிடந்தது.

சாயங்காலம் கணவர் வந்ததும் தேநீர் கொடுத்துவிட்டு, சலவைக்கடைக்குப் போனதைச் சொன்னாள். அக்காவைப் பார்த்ததையும் ஞாயிற்றுக்கிழமை அவள் டப்பாவைத் தேட வரப்போவதையும் சொன்னாள். பொத்தான் கதையை மட்டும் விழுங்கிவிட்டாள். அவர் தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தாள். சந்தோஷம் இருந்தது, கூடவே வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார்.

"அவங்க வந்து தேடறதுக்கு முன்னாடி, இருந்தா எங்கிட்டயாவது சொல்லிடு. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"எது இருந்தா?"

"அந்த டப்பாதான்."

அவர் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. அதுதான் அவளை அறைந்தது. அம்மா போன நாளிலிருந்து, டப்பா இந்த வீட்டில்தான் எங்கேயோ இருக்கிறது என்று இந்த மனுஷன் நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைத்துக்கொண்டே கூட வாழ்ந்திருக்கிறார், நொண்டிக் கோழி தைத்திருக்கிறார், அவள் அக்காவைத் திரும்பிப் பார்க்காமல் வந்திருக்கிறார். மற்றவர்களைச் சந்தேகப்பட அவளுக்கு நன்றாகத் தெரியும். சந்தேகிக்கப்படுவது எப்படி இருக்கும் என்று இன்றைக்கு ஒரே நாளில் இரண்டு தடவை தெரிந்துகொண்டாள்.

கத்தவேண்டும்போல இருந்தது. கைப்பைக்குள் கிடந்த வாத்துப் பொத்தான் ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டாள். மேசையடியில் இருந்த அட்டைப்பெட்டிகள், கண்ணாடிக் குப்பிகள், பரணில் கிடந்த மூட்டைகள் எல்லாவற்றையும் இழுத்துக் கூடத்தில் போட்டாள்.

"தேடுங்க" என்றாள். "அவ வர்றதுக்கு முன்னாடி நீங்க தேடிப் பாத்துடுங்க."

இல்லை, வேண்டாம் என்று அவர் சொல்வார் என்றுதான் நினைத்தாள். அவர் தேநீரை ஓரமாக வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து முதல் பெட்டியை நிஜமாகவே பிரிக்க ஆரம்பித்தார்.

அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அம்மா வீட்டை ஒழித்த பரபரப்பில், அழுதுகொண்டே, எதை எதை எங்கே வைத்தோம் என்று அவளுக்கு மட்டும் என்ன ஞாபகம் இருக்கிறது? பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டாவது பெட்டியை அவள் திறந்தாள்.